வார்ப்பிரும்பு அடுப்பு: எழுத்து பாதி அழிந்திருக்கிறது, யார் செய்தது?

அல்சூர்_ஏரிக்கரை
வணக்கம். பெங்களூரு ஃப்ரேசர் டவுனில் இடிக்கிற ஒரு பழைய பங்களாவிலிருந்து சிவாஜிநகர் குஜிரிக்கு (பழைய சாமான் சந்தை) வந்திருக்கும் உருப்படி இது. உருளை வடிவம். தரையிலிருந்து மூடி வரை 76 செ.மீ., வெளிவிட்டம் 35 செ.மீ., கதவு ஓரத்தில் அளந்தால் கனம் 8 மி.மீ. மேலே தூக்கித் திறக்கும் வட்ட மூடி, முன்பக்கம் கீழே சின்னக் கதவு, பின்னால் 5 அங்குலக் குழாய் வாய். மொத்தத்துக்கும் அலுமினியப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பெயிண்டுக்கு அடியில் மேடான எழுத்துகள் இருக்கின்றன. எஸ், எல், ஓ வரை படிக்க முடிகிறது, அப்புறம் ஒரே மழுங்கல். கூடவே சாக்கில் ஒரு தனி இரும்புப் பலகை கொடுத்தார்கள், அதன் முதுகில் வைர வடிவ முத்திரை.

கடைக்காரர் "1809-ல் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) கட்டும்போது வந்தது, அமெரிக்கன் பாட்பெல்லி" என்கிறார். நம்பலாமா? வாங்கினால் எரிக்க முடியுமா?

காக்ஸ்டவுன்காரி
எஸ், எல், ஓ என்றால் "ஸ்லோ கம்பஷ்சன்" ஆக இருக்கும். மஸ்கிரேவ், பெல்ஃபாஸ்ட். மெதுவாக எரியும் அடுப்புக்குப் பெயர் போன கம்பெனி.

பாட்பெல்லி கண்டிப்பாக இல்லை. அதற்கு நடுவயிறு பானை மாதிரி உப்பியிருக்க வேண்டும். நீங்கள் சொல்வது நேர் உருளை.

வார்ப்படம்_பீன்யா
மஸ்கிரேவ் என்று முடிவு கட்ட மூன்றெழுத்து போதாது அக்கா. மெதுவாக எரியும் என்று பெருமை அடித்துக்கொண்ட கம்பெனிகள் அந்தக் காலத்தில் நிறைய. "ஸ்லோ" என்பதற்கு அடுத்த சொல்தான் தீர்ப்பு.

ஏரிக்கரை சார், எழுத்தைப் படிக்க கிரைண்டர் எடுக்காதீர்கள். கம்பி பிரஷ் மாட்டிய டிரில்லும் வேண்டாம். வார்ப்பு எழுத்தின் உயரம் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஒரு நிமிஷத்தில் வழித்துவிடும், பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இப்படிச் செய்யுங்கள். அலுமினியப் பெயிண்ட் மேல் என்.சி. தின்னர் நனைத்த துணியை ஒட்டிவைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி 10 நிமிஷம் விடுங்கள். கையுறை போட்டு, திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல். பிறகு மூங்கில் குச்சியால் சுரண்டினால் தோல் மாதிரி உரியும். அடியில் இன்னொரு பழைய பெயிண்ட் படலம் இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்வாகத் தேய்த்துப் பொடி கிளப்பாதீர்கள், ஈரத்திலேயே எடுங்கள்.

சுத்தமானதும் இருட்டறையில் டார்ச்சை அடுப்பின் சுவரோடு சாய்த்து, பக்கவாட்டில் அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. அப்படியும் புரியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து தாளில் வரும்.

கடையிலேயே ஒரு கணக்கும் போடலாம். சுற்றளவு சுமார் 110 செ.மீ., உயரம் 76, கனம் 0.8. பெருக்கினால் 6,700 கன சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வார்ப்பிரும்பு ஒரு கன சென்டிமீட்டர் 7.1 முதல் 7.2 கிராம். ஆக வெறும் உருளையே 47 கிலோ வாக்கில். மூடி, அடித்தட்டு, உள்ளே கரி நிற்கும் கம்பிச்சட்டம் சேர்ந்தால் 60-ஐத் தாண்ட வேண்டும். தராசில் 40 காட்டினால் உடம்பு தகடு, அல்லது உள்ளே பாதி காணாமல் போயிருக்கிறது.

பழையசரக்கு
1809 கதையை விடுங்க சார். ராணுவம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே மாறிய வருஷம் அது, அவ்வளவுதான். ஜோலார்பேட்டையிலிருந்து கன்டோன்மென்டுக்கு ரயில் வந்ததே 1864-ல். அதற்கு முன்னால் 60 கிலோ இரும்பு மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்திருக்க வேண்டும். வரக்கூடாது என்று இல்லை, ஆனால் அப்படிச் சொல்கிறவரிடம் ஆதாரம் கேட்கணும். இடிந்த பங்களாவிலிருந்து எடுத்தது என்பதும் ஆதாரம் ஆகாது. ஊட்டி, குன்னூரிலிருந்து இறங்கும் சரக்குகூட இங்கே வந்ததும் "ஃப்ரேசர் டவுன் பங்களா" ஆகிவிடும்.

அல்சூர்_ஏரிக்கரை
தின்னர் வைத்தியம் பலித்தது. தாளில் தேய்த்ததில் "ஸ்லோ பட்" வரை தெளிவாக வருகிறது. கீழே ஒரு பிராணி, முதுகு ஓடு மாதிரி. அடுத்த வரியில் ஹெச், ஏ, எல், எஸ். எடை 64 கிலோ. மூடியில் தனியாக ஒரு எண் இருக்கிறது, அது வருஷமா?

வார்ப்படம்_பீன்யா
ஆமை. "ஸ்லோ பட் ஷ்யூர்", மெதுவானாலும் நிச்சயம். இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டம் ஹால்ஸ்டெட் ஊர், சார்லஸ் போர்ட்வே கம்பெனியின் டார்ட்டாய்ஸ் அடுப்பு. 1830-ல் தன் இரும்புக்கடையைச் சூடாக்கப் போர்ட்வே முதல் அடுப்பைச் செய்துகொண்டார், பிறகு அதுவே தொழிலானது. எரிபொருள் மெதுவாகத் தீருவதால் ஆமை. சமையலுக்கு அல்ல, கூடத்தைச் சூடாக்க. மாதா கோயில்களில் அதிகம் வைத்தார்கள்.

மூடியில் உள்ள எண் வருஷம் இல்லை. பழைய அடுப்புகளில் தனி எண் பெரும்பாலும் சைஸ் எண். இரண்டு, மூன்று இலக்கமாக இருந்தால் அதுவேதான்.

பெயர் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. ஆமைப் பக்கத்தில் "டிரேட் மார்க்" என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். பிரிட்டனில் வணிக முத்திரைப் பதிவேடு திறந்தது 1876 ஜனவரியில். அந்தச் சொல் இருந்தால் அச்சு அதற்குப் பிந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். கம்பெனிப் பெயரோடு "அண்ட் சன்" இருக்கிறதா என்பதையும் பாருங்கள், மகன் சேர்ந்த பிறகான வார்ப்பு. "மேட் இன் இங்கிலாந்து" என்று முழுதாக இருந்தால் பெரும்பாலும் 20-ம் நூற்றாண்டுச் சரக்கு.

காக்ஸ்டவுன்காரி
சரி, மஸ்கிரேவை வாபஸ் வாங்குகிறேன். அந்த வைர முத்திரையை யாரும் கவனிக்கவில்லையே. அதில் தேதியே இருக்கும். ஏரிக்கரை சார், வட்டத்துக்குள் என்ன, நாலு மூலையில் என்ன, வரிசையாகச் சொல்லுங்க.

அல்சூர்_ஏரிக்கரை
உச்சி வட்டத்தில் ரோமன் ஒன்று. அதற்குக் கீழே 14. இடது மூலை 5. வலது மூலை ஏ. அடியில் ஹெச்.

காக்ஸ்டவுன்காரி
1871 ஏப்ரல் 14.

எப்படி என்றால், பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை வடிவமைப்பைப் பதிவு செய்தால் இந்த முத்திரை போடலாம். உச்சி வட்டம் பொருளின் வகுப்பு: ஒன்று உலோகம், இரண்டு மரம், மூன்று கண்ணாடி, நான்கு பீங்கான். மீதி நான்கு இடமும் 1868-ல் இடம் மாறின, எல்லோரும் சறுக்குவது இங்கேதான்.

1842 முதல் 1867 வரை: வட்டத்துக்குக் கீழே வருஷ எழுத்து, இடது மாதம், வலது நாள், அடியில் கட்டு எண் (அன்றைய பதிவுகளில் இதன் வரிசை எண்).
1868 முதல் 1883 வரை: வட்டத்துக்குக் கீழே நாள், இடது கட்டு எண், வலது வருஷ எழுத்து, அடியில் மாதம்.

எனவே முதலில் வட்டத்துக்குக் கீழே பாருங்க. எழுத்து இருந்தால் பழைய முறை, எண் இருந்தால் புதிய முறை. இதைப் பார்க்காமல் அட்டவணைக்குப் போனால் "ஏ" 1845 என்று வந்துவிடும், ஏனென்றால் பழைய சுற்றில் ஏ 1845, புதிய சுற்றில் 1871. இருபத்தாறு வருஷ வித்தியாசம். ஹெச் மாதத்தில் ஏப்ரல். ஆனால் அதே ஹெச் வருஷ இடத்தில் வந்தால் 1843 அல்லது 1869.

1884-லிருந்து வைரம் போய்விட்டது, வெறும் பதிவு எண். அந்த ஜனவரியில் 1-லிருந்து ஆரம்பம், 1885-ல் 20 ஆயிரத்தை ஒட்டி, 1890-ல் ஒரு லட்சத்து 41 ஆயிரம் வாக்கில், 1900-ல் மூன்றரை லட்சம் வாக்கில்.

அல்சூர்_ஏரிக்கரை
அப்படியென்றால் என் அடுப்பு 1871! கடைக்காரரிடம் சொல்லலாமா?

வார்ப்படம்_பீன்யா
சொல்லாதீர்கள், இரண்டு காரணத்துக்காக. ஒன்று, விலை ஏறும். இரண்டு, அது உண்மை இல்லை.

முத்திரை இருப்பது சாக்கில் வந்த பலகையில், அடுப்பில் இல்லை. பலகை தட்டையா, வளைவா? உங்கள் அடுப்பு 35 செ.மீ. வட்டம், அதில் பொருந்தும் எந்த முகப்புப் பலகையும் வளைந்திருக்க வேண்டும். தட்டையாக இருந்து பின்னால் சுவரில் பதிக்கக் காதுகள் இருந்தால் அது கணப்பு மாடத்தின் (ஃபயர்ப்ளேஸ்) முகப்பு. அதே பங்களாவின் வேறொரு அறையிலிருந்து வந்திருக்கலாம், வேறு பங்களாவிலிருந்தே வந்திருக்கலாம். கணப்பு மாடத்தின் பலகையைக் காட்டி ஆமைக்கு வயது சொல்லக்கூடாது.

இன்னொன்று. அடுப்பின் மேலேயே முத்திரை இருந்தாலும் அது வடிவம் பதிவான நாள்தான், வார்த்த நாள் அல்ல. மரப் பாட்டர்ன், அதாவது மணலில் அச்சு எடுக்கும் மர மாதிரி, ஒன்று இருந்தால் பத்து, இருபது வருஷம் அதிலேயே வார்ப்பார்கள். "இந்தத் தேதிக்கு முன்னால் இல்லை" என்பது மட்டும்தான் அது தரும் உறுதி.

அல்சூர்_ஏரிக்கரை
தட்டை. பின்னால் இரண்டு காதும் இருக்கிறது. சரி.

பழையசரக்கு
இதைத்தான் சந்தையில் "கல்யாணம் பண்ணி வைப்பது" என்போம். ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் கால், மூன்றாவதின் கதவு. உங்கள் அடுப்பின் கதவையும் சந்தேகத்தோடு பாருங்க. கீல் ஊசியும் கீல் ஓட்டையும் இறுக்கமாகப் பொருந்தணும். ஓட்டையை யாராவது டிரில்லால் பெரிதாக்கியிருந்தால் உள்சுவர் பளிச்சென்று, சுருள் கோடோடு தெரியும். வார்ப்பிலேயே வந்த ஓட்டை சொரசொரப்பாக, கொஞ்சம் கூம்பாக இருக்கும். கதவுக்குப் பின்னால் துருவின் நிறமும் உடம்பின் துரு நிறமும் ஒத்துப்போகணும்.

லேத்_ராஜாஜிநகர்
மறுவார்ப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. அசல் அடுப்பையே பாட்டர்னாக மணலில் அழுத்தி நகல் வார்ப்பது சாதாரண வேலை. கண்டுபிடிக்கும் வழி சுருக்கக் கணக்கு.

வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் ஒரு சதவீதம் சுருங்கும், அடிக்கு எட்டில் ஒரு அங்குலம். அசல் பாட்டர்ன் செய்தவர் அந்தச் சுருக்கத்தைச் சேர்த்தே அளவு போட்டிருப்பார். அதனால் 12 அங்குலம் என்று திட்டமிட்ட மூடி அசலில் 304-305 மி.மீ. வரும். அசலை அச்சாக்கி வார்த்த நகலில் 301-302 வரும். ஒரே அளவை நம்பாதீர்கள், துரு ஒரு பக்கம் தின்றிருக்கும். ஐந்தாறு இடம் அளந்து எல்லாமே முழு அங்குலத்தை விட ஒரு சதவீதம் குறைகிறதா பாருங்கள்.

எழுத்தும் காட்டிக்கொடுக்கும். அசலில் எழுத்தின் ஓரம் கூர்மை, நகலில் சோப்பு கரைந்த மாதிரி உருண்டை. ஆமை ஓட்டின் கட்டங்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா?

திருகாணியைக் கழற்றிப் பார்ப்பது இதைவிட எளிது. தலையில் ஒற்றைக் கோடா, கூட்டல் குறியா? கூட்டல் குறி 1930-களுக்கு முன் கிடையாது. கால் அங்குல ஆணி என்றால் ஒரு அங்குலத்தில் மரைகளை எண்ணுங்கள். 20 இருந்தால் விட்வர்த் (பழைய பிரிட்டிஷ் மரை அளவு), 25-ஐ ஒட்டி இருந்தால் எம்6 (மெட்ரிக் மரை). எம்6 ஆணி வார்ப்பிலேயே குத்திய மரைக்குள் சரியாக ஏறினால் அடுப்பே நம் காலத்து ஆள். ஆனால் 20 மரை வந்துவிட்டது என்று குதிக்கவும் வேண்டாம். அமெரிக்க மரை அளவான யு.என்.சி.-யிலும் கால் அங்குலத்துக்கு 20-தான், கோணம் மட்டும் 60 டிகிரி, விட்வர்த் 55. அரை அங்குல ஆணி கிடைத்தால் சுலபம்: விட்வர்த் 12, அமெரிக்கன் 13. நம் ஊர்ப் பட்டறைகளும் மெட்ரிக் வரும் வரை, அதற்கு அப்புறமும் கொஞ்ச காலம், விட்வர்த்தான் போட்டன. எனவே விட்வர்த் மட்டும் சீமைச் சரக்குக்குச் சாட்சி ஆகாது.

அல்சூர்_ஏரிக்கரை
ஆணி இறுகிப்போயிருக்கிறது. டபிள்யூடி-40 அடித்தும் அசையவில்லை.

லேத்_ராஜாஜிநகர்
நிறுத்துங்கள். பலம் போட்டால் ஆணிக்கு ஒன்றும் ஆகாது, அடுப்பின் காதுதான் முறியும். வார்ப்பிரும்பு வளையாது, நேராக உடையும்.

அசிட்டோனும் கியர் ஆயிலும், அதாவது காரின் ஆட்டோமேட்டிக் கியரில் ஊற்றும் சிவப்பு எண்ணெய், சரிபாதி கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். தினம் இரண்டு வேளை, மூன்று நாள். ஒவ்வொரு முறையும் ஆணித் தலையில் சின்னச் சுத்தியால் நேராக நாலு தட்டு. பிறகும் வராவிட்டால் எண்ணெயைத் துடைத்து முழுதும் உலரவிட்டு, நட்டை மட்டும் சூடாக்கி ஆறவிட்டுத் திருப்புங்கள். உடம்பைச் சூடாக்காதீர்கள். ஆணி தியாகமானாலும் பரவாயில்லை, ஒன்றை அறுத்தெடுத்து மரையை எண்ணினால் போதும்.

காக்ஸ்டவுன்காரி
காசு கொடுப்பதற்கு முன் விரிசல் பாருங்க. மூடி, கம்பிச்சட்டம் எல்லாம் எடுத்துவிட்டு உடம்பை ஒரு கட்டை மேல் நிறுத்தி மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டணும். மணி மாதிரி நீளமாக ஒலித்தால் நல்லது. "டொக்" என்று செத்த சத்தம் வரும் இடத்தில் விரிசல். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் கழித்து நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புக்கட்டியைப் பொடியாகத் தேயுங்க. விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் மேலே ஊறி, வெள்ளையில் கருப்புக் கோடு போடும். குழாய் வாயைச் சுற்றியும் கதவின் மேல் மூலைகளிலும்தான் அதிகம் வரும்.

அல்சூர்_ஏரிக்கரை
குழாய் வாயின் கீழே 6 செ.மீ. கோடு ஒன்று விழுந்தது. வெல்டிங் போட்டுவிடலாமா? தெருமுனைப் பட்டறையில் கேட்டேன், "அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

வார்ப்படம்_பீன்யா
அஞ்சு நிமிஷத்தில் முடிகிற வேலைதான், ஆனால் அடுத்த அஞ்சு நிமிஷத்தில் பக்கத்திலேயே புது விரிசல் விடும். அவர் கையில் இருப்பது 6013 ராடு, சாதாரண எஃகுக்கானது. வார்ப்பிரும்பில் கார்பன் மூன்று சதவீதத்துக்கு மேல். சாதாரண ராடு போட்டால் வெல்டும் அதன் ஓரமும் கண்ணாடி மாதிரி கெட்டியாகி, ஆறும்போது சுருக்கத்தைத் தாங்காமல் வெடிக்கும்.

செய்தே ஆக வேண்டும் என்றால் நிக்கல் ராடு. விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. ஓட்டை போட்டு மேலும் ஓடாமல் நிறுத்த வேண்டும். 'வி' வடிவில் வெட்டி, ஒரு தடவைக்கு 25 மி.மீ. மட்டும் போட்டு, சூடாக இருக்கும்போதே சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு அடுத்த 25. முடிந்ததும் சாம்பலில் அல்லது உலர்ந்த சுண்ணாம்பில் புதைத்து ராத்திரி முழுக்க விட வேண்டும். இவ்வளவுக்கும் உத்தரவாதம் இல்லை.

6 செ.மீ. கோடு, அதுவும் வெளியே தெரியாத இடத்தில் என்றால் நான் வெல்டிங்கே போடமாட்டேன். ஓட்டை இரண்டும் போட்டு, உள்பக்கம் 3 மி.மீ. தகடு வளைத்து நாலு ஆணியில் இறுக்கி, நடுவே ஃபயர் சிமென்ட். எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம், மதிப்பும் குறையாது.

பழையசரக்கு
விலை பேசும்போது அந்தக் கோட்டைக் காட்டிப் பேசுங்க. சுண்ணாம்பை அழிக்காதீங்க.

காக்ஸ்டவுன்காரி
முக்கியமான எச்சரிக்கை. மூடி உட்காரும் பள்ளத்தில் அல்லது கதவு ஓரத்தில் வெள்ளை, சாம்பல் நிறத்தில் நூல் கயிறு மாதிரி இருந்தால் கையால் பிய்க்காதீர்கள். கல்நாராக, அதாவது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளணும். சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்து, பி100 வடிகட்டி மாட்டிய முகமூடி போட்டு (என்95 போதாது), ஈரமாகவே எடுத்து இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டுங்க. பெருக்கவோ, வீட்டு வாக்குவம் கிளீனர் போடவோ கூடாது. புதிதாகக் கண்ணாடி இழைக் கயிறு போடலாம்.

துருவுக்கு வெல்லப்பாகுத் தொட்டி. மாட்டுத்தீவனத்துக்கு விற்கும் கழிவுப்பாகு ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. 200 லிட்டர் டிரம்மில் உங்கள் உருளை நின்றபடியே முழுகும், 18 லிட்டர் பாகு போதும். ஒரு வாரம் கழித்துத் தூக்கிப் பாருங்க, தேவையானால் இன்னொரு வாரம். நாற்றமும் எறும்பும் இலவசம், மொட்டைமாடி உள்ளவர்கள் மட்டும். அமிலம் வேண்டாம், எழுத்தின் ஓரத்தைத் தின்னும். பாகிலிருந்து எடுத்துக் கழுவியதும் அரைமணியில் செந்துரு பூக்கும். அதனால் வெயிலில் காயவைத்து உடனே கிராஃபைட் பொடியை மிகக் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, மெல்லியதாகத் தேய்த்துத் துணியால் பளபளக்க வையுங்க. எண்ணெயை வழிய விட்டால் முதல் நாள் எரிக்கும்போது வீடு முழுக்கப் புகை. எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடணும், சுருட்டினால் தானே தீப்பிடிக்கும்.

அல்சூர்_ஏரிக்கரை
எரிப்பது பற்றி?

வார்ப்படம்_பீன்யா
அபார்ட்மென்ட்டா, தனி வீடா?

அல்சூர்_ஏரிக்கரை
அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி. பால்கனி வழியாகக் குழாய் விடலாம் என்று நினைத்தேன். கரி போட்டால் புகையும் இருக்காதே.

வார்ப்படம்_பீன்யா
வேண்டாம். கரியில் புகை இல்லை என்பதுதான் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இந்த அடுப்பு கோக்கு நிலக்கரியை ஆழமாக நிரப்பி, கீழே காற்றைச் சுருக்கி, மணிக்கணக்கில் எரிக்கச் செய்தது. குறைந்த காற்றில் எரியும்போதுதான் அந்த வாயு அதிகம் பிறக்கும். அதை இழுத்துக்கொண்டு போக நேராக மேலே ஏறும் குழாய் வேண்டும். பால்கனிப் பக்கம் படுக்கையாக விட்டால் எதிர்க்காற்று அடிக்கும் ராத்திரியில் எல்லாம் அறைக்குள் திரும்பும்.

தனி வீட்டில் வைப்பவர்களுக்கு: குழாய் கூரையைத் தாண்டிக் குறைந்தது 3 அடி, சுற்றி 10 அடிக்குள் உள்ள எதைவிடவும் 2 அடி உயரம். அடுப்பிலிருந்து மரம், திரைச்சீலை எதுவும் 3 அடிக்குள் கூடாது. உள்ளே ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) இல்லாமல் எரித்தால் இரும்பு நேரடியாகச் சிவந்து, கோணி, அந்த 6 செ.மீ. கோடு 16 ஆகும். முதல் மூன்று நாள் சுள்ளித் தீ மட்டும். சூட்டில் இருக்கும்போது தண்ணீர் சொட்டுகூடப் படக்கூடாது.

உங்களுக்கு இது கூடத்தில் நிற்கிற பொருள். 64 கிலோ எந்தத் தளமும் தாங்கும். டைல்ஸ் கீறாமல் கால்களுக்கு அடியில் ரப்பர் வையுங்கள்.

அல்சூர்_ஏரிக்கரை
ஒரு ஆணி வந்துவிட்டது. ஒற்றைக் கோட்டுத் தலை, அங்குலத்துக்கு 20 மரை. மூடி மூன்று இடத்தில் அளந்தேன்: 304, 305, 304. ஆமை ஓட்டில் கட்டங்கள் எண்ண முடிகிறது. ஆமைக்குப் பக்கத்தில் "டிரேட் மார்க்" இருக்கிறது. கதவுக் கீலில் மட்டும் ஒரு ஓட்டை பளபளப்பு.

லேத்_ராஜாஜிநகர்
உடம்பும் மூடியும் அசல், 1876-க்குப் பிந்தையது. கதவு தத்துப்பிள்ளை, அல்லது கீல் தேய்ந்து யாரோ பெரிதாக்கியது. கதவின் உள்பக்கம் ஏதாவது எண் இருந்தால் மூடி எண்ணோடு ஒப்பிடுங்கள், விடை அதில் இருக்கிறது. அறுத்த ஆணிக்குப் பதில் எம்6 திணிக்காதீர்கள், மரையைக் கெடுத்துவிடும். எஸ்.பி. ரோட்டுப் பக்கம் பழைய ஆணி விற்கும் கடைகளில் "கால் இஞ்ச் பி.எஸ்.டபிள்யூ., ஒற்றைக் கோடு, முக்கால் இஞ்ச் நீளம்" என்று கேளுங்கள், பி.எஸ்.டபிள்யூ. என்பது விட்வர்த்தான். அறுத்த துண்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

அல்சூர்_ஏரிக்கரை
கதவில் எண் இருக்கிறது. மூடியில் உள்ளதேதான்.

பழையசரக்கு
அப்போ கதவும் பெரும்பாலும் இதே அடுப்பினுடையதுதான். அந்தத் தட்டைப் பலகையைத் தனியாக விலை பேசுங்க. 1871 கணப்பு முகப்பு தேடுகிற ஆள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.